எட்டு நாள் புளுகும் எழுநூறு ஆண்டுப் புளுகும்

“கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு” என்பர் நம் மக்கள். “பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது” என்றும் கூறுவர். கேட்க இனிக்கும் மொழிகள்! நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, பொய் தானாகவே மடிந்துவிடும் என்று ஆறுதல் தரும் மொழிகள்! ஆனால், வரலாற்று ஏடுகளைப் புரட்டுவோர் காண்பது வேறு. எட்டு நாளில் சாகாமல் எழுநூறு ஆண்டு வாழ்ந்த புளுகு உண்டு. பொய் சொன்ன வாய்க்குப் போசனம் மட்டுமல்ல, பதவியும் பட்டமும், மணிமுடியும் மண்டலங்களும் கிடைத்ததுண்டு. மெய்யைப் பேசிய வாய்க்கோ சிறைக்கூடத்துக் கஞ்சி கிடைத்ததுண்டு!

ஏன் இந்த விந்தை? பொய் சொன்னவன் மகா கெட்டிக்காரனா? இல்லை. வரலாற்றில் புகழ்பெற்ற பொய்களிற் பல, பள்ளிச் சிறுவனும் கண்டுபிடிக்கத்தக்க ஓட்டைகள் கொண்டவை. பிறகு அவை வாழ்ந்தது எப்படி? பொய்யின் ஆயுளை அளந்து கொடுப்பது பொய்யனின் திறமையன்று. அந்தப் பொய்யால் வாழ்வோரின் தேவை. தேவை இருக்கும் வரை பொய்க்குச் சாவில்லை. இதனை விளக்க மூன்று தாள்களை எடுத்துக்கொள்வோம். மூன்றும் கள்ளத் தாள்கள். ஒன்று சொத்துக்காகப் பிறந்தது. மற்றொன்று மானம் காக்கப் பிறந்தது. மூன்றாவது பகை வளர்க்கப் பிறந்தது.

சொத்துக்காக ஒரு பொய்

கான்ஸ்டன்டைன் ரோமப் பேரரசின் வேந்தன். 306 முதல் 337 வரை ஆண்டவன். கிறித்தவ மார்க்கத்துக்கு ஆதரவளித்த முதல் பேரரசன். அந்த வேந்தனுக்குத் தொழுநோய் கண்டதாம்! சில்வெஸ்டர் எனும் போப்பாண்டவர் ஞானநீராட்டினாராம், நோய் பறந்ததாம்! நன்றிப் பெருக்கால் மன்னன், ரோம் நகரையும், இத்தாலி நாட்டையும், மேற்றிசை மண்டலங்களையும் போப்பாண்டவருக்கும் அவர் வழிவருவோருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு, தான் கிழக்கே சென்று புதிய தலைநகர் கண்டானாம்! இவ்வளவும் பட்டயம் கூறும் செய்தி. “கான்ஸ்டன்டைனின் தானம்” என்பது அந்தப் பட்டயத்துக்கு வரலாறு தந்த பெயர்.

உண்மை என்ன? அந்தத் தாள் நான்காம் நூற்றாண்டில் எழுதப்பட்டதன்று. எட்டாம் நூற்றாண்டில், வேந்தன் மாண்டு நானூறு ஆண்டு கழித்துப் புனையப்பட்டது. ஞானநீராட்டுக் கதையும் பொய். கான்ஸ்டன்டைன் ஞானநீராட்டுப் பெற்றது 337இல், சாகும் தறுவாயில், நிகோமீடியா நகர் ஆயர் யூசிபியசின் கையால். அதற்கு ஈராண்டுக்கு முன்பே, 335இல், சில்வெஸ்டர் இறந்துவிட்டார்!

எட்டாம் நூற்றாண்டில் இப்படி ஒரு தாள் ஏன் தேவைப்பட்டது? அன்றைய இத்தாலியைப் பாருங்கள். கிழக்கே இருந்த பேரரசின் பிடி தளர்ந்துவிட்டது. வடக்கிலிருந்து இலம்பார்டியர் நெருக்குகின்றனர். 754இல் போப்பாண்டவர் இரண்டாம் ஸ்டீபன் ஆல்ப்ஸ் மலை கடந்து பிராங்க் மன்னன் பெப்பினிடம் சென்று உதவி நாடுகிறார். மன்னன் படையெடுத்து, பகைவரை முறியடித்து, வென்ற நிலங்களைப் போப்பாண்டவரிடம் ஒப்படைக்கிறான். சமயத் தலைவர் நாடாளும் தலைவருமாகிறார். நிலம் கையில் வந்துவிட்டது. நிலத்துக்கு உரிமை எங்கே? “யார் கொடுத்தது?” என்று கேட்பாரேல் காட்டுதற்குப் பழம் பத்திரம் வேண்டாமா? அத்தகைய காலத்தின் தேவைக்குப் பிறந்தது இந்தத் தாள்.

1054இல் போப்பாண்டவர் ஒன்பதாம் இலியோ, கான்ஸ்டான்டிநோபிள் சமயத் தலைவரோடு மூண்ட பூசலில் இதைச் சான்றாகக் காட்டினார். ஐயம் எழவே இல்லையா? எழுந்தது. 1001இலேயே பேரரசர் மூன்றாம் ஓட்டோ இதனைக் கட்டுக்கதை என ஒதுக்கினார். ஆனால், வேந்தர் மறைந்தார், பட்டயம் நின்றது. கவிஞர் தாந்தே, இந்தத் தானத்தால் திருச்சபைக்குப் பொருளாசை புகுந்ததே என்று நெஞ்சு நொந்தார்; நொந்தாரே தவிர, தானம் நடந்ததா என்று கேட்டாரில்லை. அறிவிற் சிறந்தோரும், நல்லதா கெட்டதா என்று வாதிட்டனர். உண்மையா பொய்யா என்று தேடினாரில்லை. பொய்யின் பெருவெற்றி அதுதான்! எதிர்ப்பவனையும் தன்னை உண்மையென ஒப்புக்கொண்டு எதிர்க்கும்படி செய்துவிடும்.

1433இல் கூசா நகர் நிக்கோலாஸ், அவரும் திருச்சபையைச் சேர்ந்தவரே, பழைய வரலாற்று நூல்களில் இத்தானம் பற்றிய பேச்சே இல்லையே என்று சுட்டிக்காட்டினார். 1440இல் வந்தார் லொரன்சோ வல்லா. இலத்தீன் மொழியின் ஒவ்வொரு சொல்லின் பிறப்பும் வளர்ப்பும் அறிந்த புலவர். அவர் ஏந்திய படைக்கலம் வாளன்று, இலக்கண அறிவு! பட்டயத்தை எடுத்தார், சொல் சொல்லாகப் பிரித்தார்.

ரோம அதிகாரிகளோடு சேர்த்து “சத்ரபர்” எனும் சொல் வருகிறது. பாரசீகத்து ஆளுநருக்குரிய சொல் அது. கான்ஸ்டன்டைன் காலத்து ரோமில் அப்படி ஒரு பதவி ஏது? கான்ஸ்டான்டிநோபிள் ஒரு சமயத் தலைமை நகர் என்று எழுதப்பட்டிருக்கிறது. நகரே இன்னும் எழுப்பப்படவில்லையே, அதற்குத் தலைமை ஏது? தூய பொன்னாலான முடி என்கிறது தாள். அந்நாளில் அந்த முடி துணியாலான பட்டையன்றோ? பாதிப் பேரரசையே ஒருவன் தானமிடுகிறான். அவன் பிள்ளைகள் சும்மா இருந்தனரா? ரோமப் பெருமன்றம் வாய் மூடி நின்றதா? புதிய ஆட்சி ஏற்பட்டதற்கு அடையாளமாக ஒரு நாணயமேனும் உண்டா? அக்காலத்து வரலாற்றாசிரியர் ஒருவரேனும் ஒரு வரி எழுதினாரா? இவ்விதம் கேட்டுக்கொண்டே போனார் வல்லா. எழுநூறு ஆண்டுக் கோட்டை, கேள்விக் கணைகளால் பொடியாயிற்று.

இங்கே ஒன்றை மறைக்கலாகாது. வல்லா அப்போது அரகன் நாட்டு மன்னன் அல்போன்சோவிடம் பணியில் இருந்தவர். நேப்பிள்சு நாட்டுக்காக அந்த மன்னனுக்கும் போப்பாண்டவர் நான்காம் யூஜினுக்கும் போர். ஆக, பட்டயத்தைப் பொய்யென்று காட்டுவதில் வல்லாவின் எசமானனுக்கும் இலாபம் இருந்தது. அதனால் அவர் கண்ட உண்மை பொய்யாகிவிடுமா? ஆகாது. சொன்னவர் யார் என்பது ஒரு கேள்வி. சொன்னதற்குச் சான்று என்ன என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்புவதால் பிழைப்பது பொய்யே. 1444இல் நேப்பிள்சில் சமய விசாரணை மன்றத்தார் வல்லாவைக் கூண்டிலேற்றினர், மன்னன் காப்பாற்றினான். பின்னர், அடுத்த போப்பாண்டவர் ஐந்தாம் நிக்கோலாஸ், அதே வல்லாவை ரோமுக்கு அழைத்துப் பணியும் தந்தார். ஆராய்ச்சியோ, கையெழுத்துப் படியாகவே பல ஆண்டுகள் கிடந்தது. அச்சுப்பொறி வந்த பிறகு, 1518இல் ஜெர்மனியில் உல்ரிக் வான் ஹூட்டன் அதனைப் பரப்பினார்; 1520இல் மார்ட்டின் லூதர் படித்துத் திடுக்கிட்டார். உண்மையைக் கண்டுபிடித்தவர் ஒருவர். அது வேலை செய்யத் தொடங்கியது மக்கள் கைக்கு வந்த பிறகுதான்.

மானம் காக்க ஒரு பொய்

அது இடைக்காலம், இருண்ட காலம். அறிவொளி பரவிய நாளில் இது நடவாது என்பீரோ? அறிவொளிக்கே பெயர்பெற்ற பிரான்சு நாட்டுக்கு வாருங்கள். ஆண்டு 1894. மனித உரிமைகளைப் பறைசாற்றி நூறாண்டு கடந்த நாடு. பாரிசிலிருந்த ஜெர்மன் தூதரகத்தின் குப்பைக்கூடையிலிருந்து, துப்புரவுப் பெண் ஒருத்தி மூலம் ஒரு தாள் பிரெஞ்சு உளவுத் துறைக்குக் கிடைத்தது. படை இரகசியங்களை விற்பவன் எழுதிய தாள்! யார் அவன்? தலைமைப் படை அலுவலகத்திலிருந்த ஆல்பிரட் டிரைபஸ் எனும் காப்டன்மீது விரல் நீண்டது. அவர் யூதர், அன்று பலருக்கு அதுவே பாதிச் சான்று. கையெழுத்து ஒத்திருக்கிறது என்றனர். அவருக்கோ அவர் வழக்கறிஞருக்கோ காட்டாத இரகசியக் கோப்பொன்றை நீதிபதிகளிடம் நீட்டினர். தீர்ப்பு: ஆயுள் முழுதும் தீவாந்தரம். 1895 சனவரி 5ஆம் நாள் படைவீரர் முன்னிலையில் சின்னங்கள் பிய்த்தெறியப்பட்டன, வாள் முறிக்கப்பட்டது. “நான் குற்றமற்றவன்” என்று அவர் கதறியது கூட்டத்தின் கூச்சலில் அமிழ்ந்தது. தென் அமெரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள பேய்த் தீவில் அவரை அடைத்தனர்.

இதுவரை நடந்தது தவறு. இனி நடந்ததே பொய்.

1896இல் உளவுத் துறைத் தலைவராக இருந்தவர் பிக்கார். குற்றவாளி டிரைபஸ் அல்லர், எஸ்டர்ஹாசி எனும் மற்றோர் அதிகாரி என்பதைக் கையெழுத்தை ஒப்பிட்டு அவர் கண்டார். மேலதிகாரிகளிடம் ஓடினார். தவறு தெரிந்துவிட்டது, திருத்துவர் என்று எண்ணினார். திருத்தினரா? பிக்காரைத் துனீசியாவுக்கு அனுப்பினர்! ஒரு யூதன் தீவிலே கிடந்தால் கிடக்கட்டும், படைத்துறையின் மானம் போகலாமா என்பதே பெரியவர்களின் எண்ணம். அந்த மானத்தைக் காக்க, பிக்காரின் கீழ் பணியாற்றிய ஆன்ரி எனும் அதிகாரி பசையும் கத்தரிக்கோலும் எடுத்தார். இத்தாலியத் தூதரக அதிகாரி ஜெர்மன் தூதரக அதிகாரிக்கு எழுதிய கடிதங்களின் தலைப்பையும் கையொப்பத்தையும் வைத்து, இடையே டிரைபசின் பெயர் வரும் வாசகத்தைத் தானே புனைந்து ஒட்டினார். சான்று இல்லையே என்ற குறை தீர்ந்தது!

1898 சனவரி 11இல் எஸ்டர்ஹாசி குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். இரண்டு நாள் கழித்து, எமிலி ஜோலா எனும் எழுத்தாளர் நாட்டின் தலைவருக்குப் பகிரங்கக் கடிதம் தீட்டினார். பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினார். ஜோலாவுக்கு ஓராண்டுச் சிறையும் 3,000 பிராங்கு அபராதமும் விதித்தனர். அவர் இங்கிலாந்து சென்று வாழ நேர்ந்தது. அதே ஆண்டு சூலை 7இல் போர் அமைச்சர் கவெய்ஞாக், ஆன்ரியின் கள்ளக் கடிதத்தை மன்றத்திலே முழங்கினார். கைதட்டலோ கைதட்டல்! நாடெங்கும் ஊர்தோறும் அதை ஒட்டுமாறு மன்றம் ஆணையிட்டது.

அடுத்த மாதம். குய்ஞே எனும் அதிகாரி, விளக்கொளியில் அந்தக் கடிதத்தைச் சோதித்தார். தாளிலிருந்த கோடுகள் ஒரே நிறமாக இல்லை! மேலும் கீழும் ஒரு நிறம், நடுவே வேறு நிறம். இரு தாள்களை வெட்டி ஒட்டியது அம்பலமாயிற்று. ஆகஸ்டு 30இல் ஆன்ரி ஒப்புக்கொண்டார். மறுநாள் சிறையில் கழுத்தறுபட்டு இறந்து கிடந்தார்.

பொய் அத்துடன் செத்திருக்க வேண்டுமல்லவா? சாகவில்லை. சார்ல் மோராஸ் எனும் எழுத்தாளர், ஆன்ரி செய்தது நாட்டுப்பற்றால் செய்த காரியம் என்று புகழ்ந்து எழுதினார்! ஆன்ரியின் மனைவிக்கென ஓர் இதழ் நிதி திரட்டியது. ஒரு இலட்சம் பிராங்குக்கு மேல் குவிந்தது. 1899இல் டிரைபசை மீண்டும் விசாரித்த படை மன்றம், மீண்டும் குற்றவாளி என்றே தீர்ப்பளித்தது! நாட்டுத் தலைவர் மன்னிப்பு அளித்தார். குற்றமே செய்யாதவனுக்கு மன்னிப்பு! 1906 சூலை 12இல்தான் உயர்நீதி மன்றம் அவரை மாசற்றவர் என அறிவித்தது. 12 ஆண்டுகள்!

பிக்காரைப் பற்றி ஒரு செய்தி: அவர் யூதரிடம் அன்பு கொண்டவர் அல்லர், அக்காலத்து வெறுப்பு அவரிடமும் இருந்தது. டிரைபசிடமும் அவருக்குத் தனிப்பற்று இல்லை. ஆயினும், மேலிடத்துக்கு ஏற்ற பொய்யை அவர் மனம் ஏற்கவில்லை. பதவியை இழந்தார், சிறையும் புகுந்தார், பொய்க்கு மட்டும் துணை நின்றாரில்லை. தனக்குப் பிடித்தவனுக்காக மெய் பேசுவது எளிது. பிடிக்காதவனுக்காகப் பேசுவதே சோதனை!

பகை வளர்க்க ஒரு பொய்

மூன்றாவது தாள், மூன்றிலும் கொடியது. 1903இல் உருசியத் தலைநகரில் ஓர் இதழில் தொடராக வந்தது. உலகையே அடிமை கொள்ள யூத மூப்பர்கள் கூடித் திட்டமிட்டார்களாம். அக்கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பாம் இது! வெளியிட்டவர் குருஷெவான், கிஷினெவ் நகரில் அதே ஆண்டு யூதர் வேட்டையாடப்பட்டதற்குத் தூபம் போட்ட ஏட்டை நடத்தியவர். 1905இல் நீலுஸ் என்பவர் நூலிலும் இது இடம்பெற்றது. சார் மன்னனின் ஆட்சியில் பஞ்சமும் பட்டினியும் கிளர்ச்சியும் நிறைந்த காலம் அது. மக்களின் சினம் அரண்மனை நோக்கித் திரும்பலாகாது. பக்கத்துத் தெருவில் வாழும் யூதன்மீது பாயவேண்டும். அதற்கு இதைவிட ஏற்ற தாள் ஏது?

புரட்சிக்குப் பின் இது உலகெங்கும் பரவியது. அமெரிக்காவில் மோட்டார் மன்னர் ஹென்றி போர்டின் ஏடு 1920 முதல் இதனைப் பரப்பியது. இலண்டன் “டைம்ஸ்” ஏடும் 1920 மே மாதம், இதில் உண்மை இருக்குமோ என்று ஐயுற்று எழுதியது. 1921 ஆகஸ்டில் அதே டைம்ஸ் ஏட்டின் கான்ஸ்டான்டிநோபிள் செய்தியாளர் பிலிப் கிரேவ்சு பொய்யை உடைத்தெறிந்தார். உருசிய அகதி ஒருவரிடமிருந்து அவருக்குக் கிடைத்த பழைய பிரெஞ்சு நூல், 1864இல் மொரிசு ஜோலி எழுதியது. நரகத்திலே மாக்கியவெல்லியும் மாண்டெஸ்கியூவும் உரையாடுவதாக, மூன்றாம் நெப்போலியனின் கொடுங்கோலைக் கிண்டல் செய்த நூல். எழுதியவரைச் சிறைக்கு அனுப்பிய நூல். அதில் யூதர் சதி பற்றி ஒரு சொல்லும் இல்லை! அந்நூலின் பகுதிகளை வரிவரியாகக் களவாடி, மாக்கியவெல்லியின் வாயில் வைத்ததை யூத மூப்பர் வாயில் வைத்திருந்தனர். இரண்டையும் பக்கம் பக்கமாக அச்சிட்டுக் காட்டினார் கிரேவ்சு. முந்திய ஆண்டில் ஐயத்துக்கு இடமளித்த ஏடே உண்மையை வெளியிட்டது, பாராட்டத்தக்க செயல். 1927இல் போர்டும் மன்னிப்புக் கேட்டார்.

இங்கேதான் நெஞ்சு நடுங்கும் செய்தி. பொய்யென்று மெய்ப்பிக்கப்பட்ட பிறகே அந்தத் தாள் தன் முழு நஞ்சையும் கக்கியது! ஹிட்லர் தம் நூலில் என்ன வாதம் செய்தார் தெரியுமா? இது பொய் என்று பத்திரிகைகள் ஓலமிடுவதே இது உண்மை என்பதற்குச் சான்றாம்! மறுப்பையே சான்றாக மாற்றிக்கொள்ளும் மனத்துக்கு எந்தச் சான்றைக் காட்டுவது? அவர் ஆட்சியில் பள்ளிகளிலும் இத்தாள் புகுந்தது. 1935இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர நீதிமன்றம் இது கள்ளத் தாள் என்று கூறியது. வெறியர் செவியில் ஏறவில்லை. ஐரோப்பாவில் ஏறத்தாழ 60 இலட்சம் யூதர் கொல்லப்பட்டனர். இந்த ஒரு தாள்தான் அத்தனைக்கும் காரணம் என்பதில்லை. ஆயினும், கொலைஞனின் கையைத் தூக்கிவிட்ட விரல்களில் இதுவும் ஒன்று. இன்றும் பல மொழிகளில் அச்சாகிறது, கணினித் திரைகளிலும் கைப்பேசிகளிலும் உலவுகிறது.

நமக்கு உரைகல்

மூன்று தாள்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பிடிபட்டவை எவற்றால்? ஒரு சொல்லால், ஒரு கோட்டின் நிறத்தால், ஒரு பழைய புத்தகத்தால். ஆராயும் கண் இருந்தால் போதும், பொய்யைக் கண்டுபிடித்தல் அரிதன்று. அரிது எது? தேவையுள்ளோரிடமிருந்து அதைப் பிடுங்குதல். நிலத்துக்கு உரிமை வேண்டியவர், மானத்துக்குத் திரை வேண்டியவர், சினத்துக்குப் பலி வேண்டியவர், இவர்களெல்லாம் பொய்யை ஏமாந்து நம்பியவர்கள் அல்லர், வேண்டி நம்பியவர்கள். ஆகவே, “இது பொய்” என்று ஒருமுறை கூறிவிட்டுக் கைகழுவுவோன் பாதி வேலையே செய்தவன். “இது யாருக்குத் தேவை? ஏன் தேவை?” என்பதையும் மக்களிடம் எடுத்துரைத்தால்தான் வேலை முற்றுப்பெறும்.

மற்றொன்று, கசப்பானது, ஆயினும் கூறியாக வேண்டும். பகைவன் கூறும் பொய்யைச் சோதிக்க நமக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நூறு கண் திறந்துகொள்ளும். நமக்கு இனிக்கும் செய்தி வரும்போது? நம் அணிக்கு ஆக்கம் தரும், எதிரணியைத் தலைகுனிய வைக்கும் ஒரு செய்தி, சான்று ஏதுமின்றி வரும்போது? “நல்ல நோக்கத்துக்குத்தானே” என்று கூறி அதனைப் பரப்ப மனம் துடிக்கிறதே, அந்த நொடியில் நம் பக்கத்தில் நிற்பவர் யார்? பிக்காரா, மோராசா? மோராசும் நாட்டின் நன்மைக்கென்றே பொய்யைப் போற்றினார்! கள்ளத் தாள் புனைந்தவன் ஒவ்வொருவனும் தன் மனத்துக்குள் ஒரு நல்ல நோக்கத்தை வைத்தே புனைந்திருப்பான்.

பகுத்தறிவு என்பது பிறர் வீட்டு ஒட்டடையை மட்டும் அடிக்கும் கோலன்று. நம் கூடத்திலும் அது புழங்க வேண்டும். நமக்கு ஏற்ற பொய்யை நாமே மறுத்துரைக்கும் நாளில்தான், பிறர் பொய்யை மறுக்கும் தகுதி நமக்கு வரும். நம் சொல்லை மாற்றாரும் நம்புவர். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளில் மடியவேண்டுமா? மடியும், நாம் மடியச் செய்தால். வாளாவிருந்தால், எழுநூறு ஆண்டும் வாழும்!